ஒருவகைப் பறவை

தமிழ் கற்பிப்பவர்களின் நாவில் எப்போதும் ஆயத்தமாக நிற்கும் சொல் ஒன்று உண்டு. 'ஒருவகை' என்பது அச்சொல். ஞாழல் ஒருவகை மரம். செருவிளை ஒருவகைப் பூ. அன்றில் ஒருவகைப் பறவை. கேட்பவருக்கு விடை கிடைத்துவிட்டதுபோல் இருக்கும். சொல்பவருக்கோ தப்பித்துக்கொண்டது மட்டும் தெரியும்.

பாலைத்திணையின் கருப்பொருள்களைச் சொல்லி எழுதவைக்கையில் 'புறா, பருந்து, எருவை, கழுகு' என்று நிறுத்தி நிறுத்திச் சொல்வோம். என்றேனும் ஒரு மாணவி எழுந்து, "எருவைக்கும் கழுகுக்கும் என்னங்கய்யா வேறுபாடு?" என்று கேட்டுவிடுவாள். "எருவை என்பது ஒருவகைக் கழுகு அம்மா" என்போம். அவள் அதையும் எழுதிக்கொண்டு அமர்ந்துவிடுவாள். அகராதியைப் புரட்டினால் எருவைக்குக் கழுகு என்ற பொருளோடு செம்பு, குருதி, கோரை என்றும் பொருள்கள் வரிசையாக நிற்கும். அவற்றையும் சொல்லி வகுப்பை நிறைத்துவிடலாம். இருபது ஆண்டுகளாகத் தமிழ்த்துறையில் நாங்கள் இருவரும் இதைத்தான் செய்துவந்திருக்கிறோம். போர்க்களத்தின் மேல் வட்டமிடும் பாறுகளையும் பாலை வழியில் காத்திருக்கும் எருவைகளையும் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை.

2025ஆம் ஆண்டு மாசிக் கடைசியில், ஒரு சனிக்கிழமை விடியுமுன் கோவையிலிருந்து மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குப் புறப்பட்ட வேனில் நாங்கள் இருவரும் ஏறி அமர்ந்ததற்கு இந்தக் குறுகுறுப்பே காரணம். மொத்தம் பன்னிரண்டு பேர். முதுகலை மாணவர் மூவர், வங்கி ஊழியர் ஒருவர், அவருடைய மனைவி, அஞ்சலகத்தில் பணிபுரியும் அம்மையார் ஒருவர், பெரிய கேமராவும் அதைவிடப் பெரிய ஆர்வமும் கொண்ட இளைஞர் இருவர், இந்தக் குழுவைப் பல ஆண்டுகளாக நடத்திவரும் பள்ளி ஆசிரியர் என்று எண்ணினால் பன்னிரண்டாவதாக ஒருவர் வருவார். ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். எழுபதை நெருங்குகிறவர். ஒரு கண்ணில் புரை விழுந்திருப்பதால் அறுவைக்கு நாள் குறித்திருக்கிறார்கள் என்றும், அதற்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றும் ஆசிரியரிடம் கேட்டு வந்து சேர்ந்தவர். வழியெல்லாம் அதிகம் பேசவில்லை. மாணவர்கள் அவரை 'டாக்டர் ஐயா' என்று அழைக்கத் தொடங்கினர். நாங்களும் அப்படியே அழைத்தோம்.

* * *

மாயாறு நீலகிரியில் பிறந்து, மலையின் வடக்கே நிலத்தைப் பிளந்துகொண்டு ஓடிப் பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் பவானியோடு கலப்பது. தமிழகத்துக்கும் கருநாடகத்துக்கும் இடையே கோடு கிழித்ததுபோல் அது குடைந்திருக்கும் செங்குத்துப் பள்ளத்தை, வரைபடத்தில் காண்பதை வைத்து மதிப்பிட முடியாது. விளிம்பில் நின்று பார்த்தால் ஆற்றின் ஓசை மட்டும் மேலே வரும். நீர் ஆங்காங்கே ஓர் இழையாகத் தெரியும். தெற்கே உதகைமலை மழையை எல்லாம் வாங்கிக்கொண்டு நிற்பதால், அதன் நிழலில் கிடக்கும் சீகூர்ச் சமவெளிக்கு எஞ்சுவது கொஞ்சமே. மலைமேல் சோலையும் பனியும். இங்கோ முள்மரங்களும் புழுதியும்.

முல்லையும் குறிஞ்சியும் தத்தம் தன்மை திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரத்தை வைத்துப் பாடம் நடத்தும்போது, அது கவிமரபு என்றே சொல்லி வந்திருக்கிறோம். மசினகுடியிலிருந்து மாயார் ஊருக்குச் செல்லும் சாலையில் அன்று காலை அதைக் கண்ணெதிரே கண்டோம். மழைக்காலத்தில் இது முல்லை. பார்த்த அன்று பாதித் திரிபில் இருந்தது. புல் காய்ந்து வெளுத்திருந்தது. மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு நின்றன. உண்ணிச்செடிப் புதர்கள் மட்டுமே பச்சையைப் பிடித்துக்கொண்டிருந்தன. நாள்காட்டிப்படி இது பின்பனிக் காலம். ஆனால் இலவமரம் நாள்காட்டி பார்ப்பதில்லை. இலையே இல்லாத கிளைகள் முழுதும் சிவந்த பூக்கள். பூவுக்கு ஒன்றாகப் பறவைகள். கரிச்சான்கள், நாகணவாய்கள், செம்மீசைச் சின்னான்கள், எங்கிருந்தோ திரண்டுவந்த சூறைக்குருவிகள். தேன் குடிக்கும் கூச்சலில் மரமே பேசுவதுபோல் இருந்தது. அஞ்சலக அம்மையார் அண்ணாந்து நோக்கியபடி, "இதைப் பாத்ததே போதுமுங்க. இப்படியே திரும்பிப் போனாக்கூட எனக்கு நட்டமில்லை" என்றார்.

பனங்காடையும் பஞ்சுருட்டானும் மின்கம்பியில் அமர்ந்து வழிநெடுகக் கண்ணுக்கு விருந்தளித்தன. சாலையைக் கடந்த காட்டுக்கோழிச் சேவல் எங்களைப் பொருட்படுத்தவே இல்லை. எட்டு மணிக்குள் மாணவர்களின் குறிப்பேட்டில் முப்பத்திரண்டு பெயர்கள் ஏறியிருந்தன. எனினும் நாங்கள் வந்தது எதற்காகவோ அது வானில் இல்லை.

வனத்துறையின் அனுமதியோடு எங்களை அழைத்துச் சென்ற வேட்டைத் தடுப்புக் காவலர், இருளர் இளைஞர். எங்கள் பரபரப்பைக் கண்டு சிரித்தார். "இன்னும் வெயிலு ஏறலைங்க சார். அதுக பெரிய உடம்பு. காலையிலயே ரெக்கை அடிச்சுக் கிளம்பாது. பாறை சூடாகி காத்து மேல எந்திரிக்கணும். பத்து மணி ஆகும்" என்றார். இறகை அடித்துப் பறக்கும் பறவை அன்று அது. எழும் காற்றில் ஏறி அமரும் பறவை. ஆகவே காத்திருந்தோம். பள்ளத்தின் விளிம்பில் ஒரு பாறைமேல், நிழலைத் தேடி நகர்ந்து நகர்ந்து, கட்டிவந்த இட்டிலிப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டு.

* * *

காத்திருக்கையில் பேச்சு எங்கெங்கோ சென்றது. வங்கி ஊழியர் செங்கற்பட்டுப் பக்கத்தவர். சிறுவயதில் தந்தையின் தோளில் அமர்ந்து திருக்கழுக்குன்றத்து மலையேறியதைச் சொன்னார். உச்சிப்பொழுதில் அருச்சகர் சர்க்கரைப் பொங்கலோடு வந்து அமர்வாராம். பாறையில் கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்குமாம். வெள்ளைநிறக் கழுகுகள் இரண்டு சுற்றிவந்து இறங்கி உண்டு செல்லுமாம். அவை மஞ்சள்முகப் பாறுகள். நம் நாட்டுப் பாறுகளுள் உருவில் சிறியவை. காசியில் நீராடி, இங்கே உண்டு, இராமேச்சுரத்தில் அடையும் முனிவர்கள் என்று ஊரார் நம்பினர். 1990களுக்குப் பிறகு அவை வருவதில்லை. "ஊர்ப்பேர்ல கழுகு இருக்கு, மலையில இல்லை" என்று சொல்லி அவர் பேச்சை முடித்தார்.

நாங்கள் புள்ளிருக்குவேளூரை நினைத்துக்கொண்டோம். வைத்தீசுவரன் கோயிலில் சடாயுவை எரித்த இடம் என்று ஒரு குண்டத்தைக் காட்டித் திருநீறு தருவார்கள். பிறர்பொருட்டு உயிர்விட்ட ஒரு பறவைக்கு இறுதிக்கடன் செய்ததைப் போற்றும் நாடு, அதன் இனத்துக்கு வைத்திருக்கும் பெயரோ பிணந்தின்னிக் கழுகு. அந்தப் பெயரைக் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு அதன்மீது அன்பு எப்படி வரும்? அருளகம் போன்ற அமைப்புகள் பல ஆண்டுகளாக இப்பகுதி ஊர்களில் சென்று பேசும்போது, பழைய 'பாறு' என்ற சொல்லையே எடுத்து ஆள்கின்றன. கற்பிக்கும் நாங்கள் ஏட்டில் விட்டுவைத்த சொல்லைக் காட்டோரத்து மக்களிடம் சேர்த்தவர்கள் பறவைகளைக் காக்க வந்தவர்கள். எங்களுக்கு மகிழ்ச்சியும் இருந்தது. கொஞ்சம் நாணமும் இருந்தது.

மருத்துவர் ஐயா அதுவரை பேசவில்லை. காவலரிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "இங்க மாடு காய்ச்சல்ல படுத்தா என்ன ஊசி போடறாங்க தம்பி?"

"மெலாக்சிகாம்தாங்க சார். டாக்டர் வந்து அதான் போடறாரு. பழைய மருந்து போடக்கூடாதுன்னு கூட்டம் போட்டுச் சொல்லியிருக்காங்க."

அவர் தலையசைத்தார். பிறகு, யாரிடம் என்றில்லாமல் பேசத் தொடங்கினார்.

"தொண்ணூத்தி மூணு நாலு வாக்குல எங்களுக்கு டைக்குளோபினாக் கிடைக்க ஆரம்பிச்சுது. அதுக்கு முன்னாடி வலிக்கு, வீக்கத்துக்குக் குடுக்கறதுக்கு எங்ககிட்ட பெரிசா ஒண்ணும் கிடையாது. இது விலையும் கம்மி. ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்துல, படுத்த மாடு எந்திரிச்சு நிக்கும். சம்சாரி கையெடுத்துக் கும்பிடுவான். எழுந்திரிக்காத மாட்டுக்கும் போட்டோம். கடைசி நேரத்துல வலியாவது தெரியாம போகட்டும்னு போட்டோம். அது செத்ததும் ஊருக்கு வெளியே, ஓடைக்கு அந்தப்பக்கம் இழுத்துப் போட்டுருவாங்க. என் ஆஸ்பத்திரி சன்னல்ல இருந்து பார்த்தா தெரியும். முப்பது நாப்பது கழுகு இறங்கும். அரை நாள்ல எலும்பு மட்டும் கிடக்கும். அப்புறம் ஒரு வருசம் பாத்தா, அங்க நாய்தான் இருந்துது. கழுகைக் காணோம். எனக்குத் தெரிஞ்சுது. காணோம்னு தெரிஞ்சுது. ஏன்னு நான் கேக்கலை."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கேமரா இளைஞர்களுள் ஒருவர், "உங்களுக்கு எப்படிங்க ஐயா தெரியும்? யாருக்குமே தெரியாதே" என்றார். அது உண்மைதான். வட இந்தியாவில் பாறுகள் மரத்திலிருந்து தலைதொங்கி விழுந்து மடிவதைக் கண்ட ஆய்வாளர்கள் நோயென்றும் நஞ்சென்றும் பல ஆண்டுகள் தேடினார்கள். பாக்கித்தானில் ஆய்வு செய்த லிண்ட்சே ஓக்சு குழுவினர் காரணத்தை 2004இல்தான் வெளியிட்டனர். மருந்து செலுத்தப்பட்டுச் சில நாளுக்குள் இறந்த மாட்டின் இறைச்சியில் டைக்குளோபினாக் எஞ்சியிருக்கும். அதை உண்ட பாறின் சிறுநீரகம் செயலிழக்கும். யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் வெண்ணிறப் படலமாகப் படியும். ஓரிரு நாளில் பறவை முடிந்துவிடும். இந்தியாவில் 1992க்கும் 2007க்கும் இடையே வெண்முதுகுப் பாறுகள் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துபோயின. ஒன்றன் சடலத்தைச் சுற்றிப் பல கூடி உண்ணும் வழக்கம் உள்ளதால், நஞ்சேறிய மாடுகள் நூற்றில் சில இருந்தாலே போதுமானதாயிற்று.

2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடைசெய்யப்பட்டது. மனிதர்க்கான பெரிய புட்டிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015இல் புட்டியின் அளவு 3 மில்லியாகக் குறைக்கப்பட்டது. அதன் உறவான வேறு மருந்துகளும் பாறுகளைக் கொல்வது தெரிந்தபின், கீட்டோபுரோபனும் அசிக்குளோபினாக்கும் 2023இல் கால்நடை மருத்துவத்திலிருந்து விலக்கப்பட்டன. ஒவ்வொரு தடைக்கும் முன்னால் யாரோ ஒருவர் 'காணோம்' என்பதோடு நில்லாமல் 'ஏன்' என்றும் கேட்டிருக்கிறார்.

ஆறுதல் சொன்ன இளைஞருக்கு மருத்துவர் ஐயா மறுமொழி சொன்னார்: "தெரியாதுங்கறது சரிதான் தம்பி. தெரிஞ்சுக்கணும்னு தோணலையே, அதைத்தான் சொல்றேன்."

அவர் தம்மைப் பற்றித்தான் சொன்னார். இட்டிலிப் பொட்டலத்தை மடித்துக்கொண்டிருந்த தமிழ் ஆசிரியர் இருவருக்கும் அது தம்மைப் பற்றியதாகவும் பட்டது. எங்கள் சன்னலுக்கு வெளியிலும் ஒன்றைக் காணோம். சொல் இருந்தது, அது சுட்டிய பொருளைக் காணோம். 'ஒருவகை' என்ற நாயை அங்கே மேயவிட்டுவிட்டு நாங்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம்.

* * *

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்பாகக் காவலர் கையை நீட்டினார். பேச்சில்லை, விரல் மட்டும் எதிர்க்கரைப் பாறையின் அடியைக் காட்டியது. நாங்கள் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்; அது எங்களுக்குக் கீழே இருந்து வந்தது. பள்ளத்தின் நிழலிலிருந்து ஒரு கரிய பலகை எழுவதுபோல் எழுந்து, வெயில் படும் உயரத்துக்கு வந்ததும் ஒருபக்கமாகச் சாய்ந்தது. முதுகின் கீழ்ப்பகுதியில் வெண்மை பளிச்சிட்டது. வெண்முதுகுப் பாறு. பறவையின் முதுகை மேலிருந்து நோக்கும் பேறு பள்ளத்தாக்கின் விளிம்பில் நிற்பவர்க்கே வாய்க்கும்.

அதன்பின் ஒன்று, மீண்டும் ஒன்று. ஒரே காற்றுத்தூணில் படிப்படியாக ஏறி, எங்கள் கண்மட்டத்தைக் கடந்து, தலைக்கு மேலே சென்றன. மொத்தம் ஏழு. ஒன்றுகூட இறகை அடிக்கவில்லை. கடந்துசென்றபோது அவற்றின் நிழல் பாறைமீதும் எங்கள்மீதும் ஓடிற்று. அந்த ஓசையற்ற பெருமையின் முன் கேமராக்கள் சடசடத்தது நாகரிகக் குறைவாக இருந்தது. எட்டாவதாக, தனியாக, சற்று வேறு உருவில் ஒன்று வந்தது. செந்தலைப் பாறு. வெயில் பட்டு அதன் தலையும் கழுத்தும் செம்பின் நிறத்தில் ஒளிர்ந்தன.

எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் அகராதி நினைவுக்கு வந்தது. செம்பு, குருதி, கழுகு. தொடர்பில்லாமல் அடுக்கப்பட்டவை என்று அதுவரை எண்ணியிருந்த பொருள்கள், அந்தத் தலையில் ஒன்றாகக் கூடி நின்றன. இதுதான் எருவை என்று அறுதியிட ஒரு காலைநேரத்துக் காட்சி போதாது. அது எங்களுக்குத் தெரியும். ஆயினும் அச்சொல்லைப் படைத்தவன் மேலே நோக்கிப் படைத்தான் என்பதில் ஐயம் எழவில்லை.

ஆற்றோரத்து நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டும். ஆண்டுக்கு ஒரு முட்டை. பிழைத்தால் ஒரு குஞ்சு. தொலைவில் ஓர் உச்சிக்கிளையில் சுள்ளிக் குவியல் ஒன்றைக் காவலர் காட்டினார். தாங்கியில் நிறுத்திய தொலைநோக்கி வழியாகப் பார்த்தால் விளிம்பில் ஒரு சாம்பல்நிறத் தலை தெரிந்தது. கேமரா இளைஞர்கள் கீழே கொஞ்சம் இறங்கினால் படம் கிடைக்கும் என்றனர். காவலர் முடியாது என்றார். சிறிது வாக்குவாதமும் ஆயிற்று. "நாம போனா தாய் எந்திரிச்சுப் போயிரும் சார். குஞ்சு வெயில்ல காயும். உங்களுக்குப் படம் ஒண்ணு, அதுக்கு வருசம் ஒண்ணு" என்றார் அவர். இளைஞர்கள் கேமராவைத் தாழ்த்தினர்.

மருத்துவர் ஐயாவை முதலில் தொலைநோக்கிக்கு அழைத்தோம். நல்ல கண்ணை வைத்து நெடுநேரம் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்ற ஒருவரும் அவரை அவசரப்படுத்தவில்லை. விலகியபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நல்லா இருக்கு. வயசு ரெண்டு மாசம் இருக்கும்" என்றார். மருத்துவர் குரல் அது. நோயாளியின் நலம் அறிந்து சொல்லும் குரல்.

* * *

தமிழகம், கேரளம், கருநாடகம் ஆகிய மூன்று மாநில வனத்துறைகளும் சேர்ந்து 2023 பிப்ரவரியில் எடுத்த கணக்கில் 246 பாறுகள். அதே ஆண்டு திசம்பரில் எடுத்த கணக்கில் 320. எண்ணிக்கை கூடியதற்குப் பிறப்பு காரணமா, தேடிய இடங்கள் கூடியது காரணமா என்பதைப் பொறுமையாகத்தான் சொல்லவேண்டும். எப்படிப் பார்த்தாலும் மூன்று மாநிலத்துக் காடுகளுக்கும் சேர்த்து ஒரு திருமண மண்டபத்தில் அமர்த்திவிடக்கூடிய எண்ணிக்கை. அவற்றுள் எட்டையும், ஒரு சாம்பல் தலையையும் நாங்கள் கண்டோம்.

ஆனியில் கல்லூரி திறந்தது. புதிய வகுப்பில் பாலைத்திணை வந்தபோது, எருவை என்று சொல்லி நிறுத்தினோம். கேள்வி வருமுன் நாங்களே தொடங்கிவிட்டோம். தென்னகக் காடுகளில் இன்று காணும் பாறுகள் நான்கு வகை. அவற்றின் தலைநிறம் இன்னது, முதுகின் நிறம் இன்னது, கூடு இன்ன மரத்தில், இன்ன பாறையில். இவற்றுள் எது நம் புலவர் கண்ட எருவை என்று ஆளுக்கொரு பாட்டை எடுத்துக்கொண்டு தேடிப்பாருங்கள் என்றோம். பாடத்திட்டத்தில் அதற்கு ஒதுக்கப்பட்டது ஐந்து நிமிடம். ஒரு மணி ஆயிற்று.

அதற்குமுன், சித்திரைக் கடைசியிலேயே ஒருநாள் காவலர் தொலைபேசியில் அழைத்திருந்தார். "சார், அந்த மருதமரத்துக் குஞ்சு பறந்திருச்சுங்க." நாங்கள் உடனே மருத்துவர் ஐயாவுக்குச் செய்தி சொன்னோம். கண் அறுவை முடிந்து வீட்டில் இருந்தார். சற்றுநேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை. பிறகு, அது நன்றாக மேலேறிப் பறக்கிறதா, தாய் இன்னும் ஊட்டுகிறதா, அந்தப் பக்கத்து ஊர்க் கடைகளில் என்ன ஊசி விற்கிறது என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். தெரிந்தவற்றைச் சொன்னோம். தெரியாததைக் கேட்டுச் சொல்கிறோம் என்றோம்.

"கேட்டுச் சொல்லுங்க" என்றார்.